வைகறைத் தேகாப்பியாசம்: வெறும் வயிறும் பசித்த வயிறும்

வைகறையிலே துயிலெழுந்து, ஒன்றும் உண்ணாமல், வெறும் வயிற்றோடு தேகாப்பியாசம் செய்தல் வேண்டும் என்பது நம் வாலிப சங்கங்களிலே எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. ஆண்டு விழா மேடைகளிலே பெரியோர் இதனை எடுத்துரைக்கும்போது, நம் முன்னோர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கைக்கொண்ட வழி இது என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். சரித்திரம் படிக்கும் மாணவருக்கு இத்தகைய வார்த்தை காதில் விழுந்தால் மனம் சும்மா இராது. எந்த முன்னோர்? எந்த நூல்? எந்த ஆண்டு? விடுமுறை நாட்களிலே நூல்நிலையத்திலிருந்து இவ்விஷயத்தைத் தேடிப் பார்த்தோம். முன்னோர் விதித்தது உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் விதித்ததிலே ஒரு பாதியை மாத்திரம் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மறுபாதி எங்கே, எவ்வாறு விடுபட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே வைத்திய நூல்களைப் பார்ப்போம். ஏறக்குறையக் கி.பி. 7ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயத்திலே, சூத்திரஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயம் நாளொழுக்கத்தைக் கூறுவது. பிரம்ம முகூர்த்தத்தில் எழுதல், பல் விளக்கல், கண்ணுக்கு அஞ்சனம் இடுதல், எண்ணெய் தேய்த்தல் முதலியவற்றை வரிசையாகச் சொல்லி, அதன்பின் வியாயாமத்தைச் சொல்கிறார். வியாயாமத்தின் பின் நீராடல். போசனம் அதற்கும் பின்னரே. ஆகவே மேடையிலே பேசும் பெரியோர் பிழையாகச் சொல்லவில்லை. உண்ணுமுன் உடலைப் பயிற்றுதல் பழைய விதியே.

ஆனால் வாக்படர் அவ்வளவோடு நிறுத்தவில்லை. துயிலெழுந்தவன் முதலிலே முந்தின நாள் உண்ட உணவு சீரணமாயிற்றா, இல்லையா என்று தன்னைத்தானே ஆராய்ந்துகொள்ளல் வேண்டும் என்கிறார். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே உண்டது அற்றபின் உண்பதையே திரும்பத் திரும்ப வற்புறுத்துவதை நாமெல்லோரும் பாடசாலையிலே மனனஞ் செய்திருக்கிறோம். அடுத்து, வியாயாமம் செய்யத் தகாதவர் யாரென்று ஒரு பட்டியல் தருகிறார்: வாதபித்த நோயுடையவர், பாலர், முதியோர், அசீரணமுடையவர். செய்யத் தக்கவரோ உடல் வலிமையும் நெய்ப்பதமுள்ள உணவும் உடையவர். அவர்களும் குளிர் காலத்திலும் வசந்த காலத்திலும் தம் சக்தியிலே பாதி அளவுக்கே செய்தல் வேண்டும். மற்றக் காலங்களிலே அதனினும் குறைவாக. அளவு மீறியவனுக்குத் தாகம், களைப்பு, இருமல், சுரம், வாந்தி முதலியன வரும் என்றும், யானையை இழுக்க முற்பட்டு மாளும் சிங்கம் போல அவன் அழிவான் என்றும் எச்சரிக்கிறார்.

பாதிச் சக்தியை எவ்வாறு அளப்பது? தராசு இல்லை, கடிகாரமும் இல்லை. சுசுருதர் இதற்கு ஓர் எளிய அடையாளம் சொல்லியிருக்கிறார். பயிற்சி செய்பவன் வாயால் மூச்சு வாங்கத் தொடங்கும் இடமே பாதி. அவ்விடத்திலே நிறுத்திவிடல் வேண்டும். அளக்கும் பொறுப்பை ஒவ்வொருவனுடைய மூச்சிடமே ஒப்படைத்த இவ்விதி நமக்கு மிகவும் பிடித்திருந்தது. இதே அடையாளம் பின்னர் எவ்வாறு பயனற்றுப் போயிற்று என்பதைக் கீழே காண்போம்.

இனி யோக நூல்களுக்கு வருவோம். இங்கேதான் நமக்குப் பெரிய வியப்புக் காத்திருந்தது. 15ஆம் நூற்றாண்டிலே சுவாத்மாராமர் செய்த ஹடயோகப் பிரதீபிகை, யோகப் பயிற்சியைத் தொடங்குபவன் விலக்க வேண்டியவற்றைச் சொல்லுமிடத்திலே, அதிகாலை நீராடலையும் உபவாசத்தையும் உடலை வருத்தும் செயல்களையும் ஒன்றாகச் சேர்த்து விலக்குகிறது. அந்நூலுக்கு 19ஆம் நூற்றாண்டிலே பிரம்மானந்தர் எழுதிய ஜ்யோத்ஸ்நா என்னும் உரை, உடலை வருத்தும் செயலுக்கு உதாரணமாக எதைக் காட்டுகிறது தெரியுமோ? சூரிய நமஸ்காரத்தை அளவின்றிச் செய்வதையும் பாரம் சுமப்பதையும்! சிவ சங்கிதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உண்ட உடனே பயிற்சி கூடாது, பசித்திருக்கும்போதும் கூடாது, பழகத் தொடங்குங் காலத்திலே பாலும் நெய்யும் சேர்ந்த உணவு கொள்ளல் வேண்டும் என்பது அதன் கட்டளை.

வாசக அன்பர்கள் இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்க வேண்டுகிறோம். உணவு சீரணமாகி ஒழிந்த வயிறு ஒன்று. பசியால் வாடும் வயிறு வேறொன்று. நம் நூல்கள் முதலாவதைக் கேட்டன; இரண்டாவதை விலக்கின. நாமோ இரண்டையும் "வெறும் வயிறு" என்ற ஒரே சொல்லால் வழங்கி வருகிறோம். இரவு வயிறார உண்டு, காலையிலே பயிற்சி முடிந்ததும் இடியப்பமும் சொதியும் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளையின் வயிறும், இரவு அரைவயிற்றோடு படுத்தவனின் வயிறும் காலை ஐந்தரை மணிக்குப் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

நிற்க. உண்ணாமல் இருந்து காலைக் கடன் முடிக்கும் வழக்கம் சமயத்தினாலும் நம்மிடையே வேரூன்றியது. நாவலர் பெருமான் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே, சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு முன்னே எழுந்து, தந்தசுத்தி, ஸ்நானம், சந்தியாவந்தனம் முதலிய நித்திய கருமங்களை முறைப்படி செய்து, பின்னரே போசனம் என்று வகுத்தார். ஐந்து நாழிகை என்பது இரண்டு மணி நேரம். அவ்வரிசையிலே தேகாப்பியாசம் என்று தனியே ஒரு கருமம் இல்லை. அங்கே உண்ணாமை ஆசாரத்தின் பொருட்டு, தசைகளின் பொருட்டன்று. அவ்வாறே தென்னாட்டு வைதிகரிடையே சூரிய நமஸ்காரம் என்றால், தைத்திரீய ஆரணியகத்து அருணப் பிரசினத்தின் 32 அனுவாகங்களையும் ஓதி, இடையிடையே விழுந்து வணங்கும் கிரியையையே குறிக்கும். நீண்ட நேரம் செல்லும் அக்கிரியை உடலுக்கும் நல்ல வேலை கொடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை மார்பு விரியவும் தோள் திரளவும் எவரும் செய்யவில்லை.

மார்பையும் தோளையும் நினைத்து விடியுமுன் எழுந்தவர் மல்லர். வட இந்திய அகாடாக்களிலே இருள் பிரியுமுன் எழுந்து, மண்குழியைக் கொத்திப் பதப்படுத்தி, தண்டும் பைடக்கும் நூற்றுக்கணக்கிலே எடுத்து, பின் மல்லுக்கு இறங்கும் வழக்கம் இன்றும் உண்டு. காசியின் மல்லரிடையே பழகி ஆராய்ந்த ஜோசப் ஆல்டர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1992இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக வருணித்திருக்கிறார். அம்மல்லர் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்வர், உண்மை. ஆனால் பயிற்சி முடிந்தபின் அவர்க்காக வைத்திருக்கும் பாலையும் நெய்யையும் வாதுமைப் பருப்பையும் கணக்கெடுத்தால் நம்மிற் பலருடைய ஒருவாரச் சாப்பாட்டுச் செலவு அதிலே போய்விடும். மல்லனை ஆதரிக்க அரசனோ தனவந்தனோ வேண்டியிருந்தது இதனாலேதான்.

இப்பொழுது நம் கதையின் நாயகரிடம் வந்துவிட்டோம். பம்பாய் மாகாணத்திலே, இன்றைய மகாராஷ்டிரத்தின் சதாராப் பகுதியிலே, ஔந்து என்றொரு சிறு சமஸ்தானம் இருந்தது. ஒன்றோடொன்று தொடராமல் சிதறிக் கிடந்த 72 கிராமங்களே அதன் எல்லை. அதன் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி (1868–1951). ஓவியர், கீர்த்தனம் செய்பவர், கலைப்பொருள் சேகரிப்பவர். 1909இல் பட்டத்துக்கு வந்தார். நம் மேடைப் பேச்சாளர் இவரைப் பற்றிச் சொல்வதில்லை. எனினும் காலையிலே நாம் செய்யும் சூரிய நமஸ்காரத்தை ஒரு தேகாப்பியாச முறையாக உலகெங்கும் பரப்பியவர் என்று எவரையேனும் காட்டவேண்டுமானால் இவரையே காட்டல் வேண்டும்.

இவருடைய வாலிப காலத்து ஆசான் யாரென்று நினைக்கிறீர்கள்? யூஜின் சாண்டோ! ஜெர்மனியிலே பிறந்து லண்டனிலே புகழ்பெற்ற அப்பலசாலியின் நூலையும் கருவிகளையும் 1897இல் தருவித்து, ஏறக்குறையப் பத்தாண்டுகள் பவான்ராவ் அம்முறையிலே பயின்றார். 1908இலேதான் மீரஜ் சமஸ்தானத்து அரசரின் தூண்டுதலால் சாண்டோவை விட்டுச் சூரிய நமஸ்காரத்துக்குத் திரும்பினார். மராட்டிய நாட்டிலே சமர்த்த ராமதாசர் காலந்தொட்டு நமஸ்காரப் பயிற்சி உண்டென்பது மரபு. அம்மரபை எடுத்து, சாண்டோவிடம் கற்ற ஒழுங்கையும் அளவையும் அதிலே புகுத்தி, பத்து நிலைகளாக வரையறுத்தார் அரசர். இன்று பெரும்பாலான வகுப்புகளிலே சொல்லித்தரப்படும் பன்னிரண்டு நிலைகள் அதன்பின் வந்தவை. அவர் தாமும் செய்தார்; குடும்பத்தாரையும் செய்வித்தார்; தம் சமஸ்தானத்துப் பாடசாலைகளிலே ஆண், பெண் மாணவர் யாவரும் செய்ய ஏற்பாடு செய்தார். 1920களிலே நூல்கள் எழுதினார். 1938இலே லண்டன் பத்திரிகையாளராகிய லூயிஸ் மோர்கன் அம்முறையை ஆங்கில வாசகர்க்கு ஏற்றவாறு பதிப்பித்து வெளியிட்டார். சாண்டோவின் நகரத்துக்கே அவருடைய பழைய மாணாக்கர் ஒருவரின் பதில் போய்ச் சேர்ந்தது போலாயிற்று.

பவான்ராவைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1939இலே காந்தியடிகளின் ஆலோசனையோடு ஓர் அரசியல் திட்டத்தை வகுத்து, தம் அதிகாரத்தைக் கிராம மக்களிடமே ஒப்படைத்தவர் இவர். போலந்திலிருந்து வந்த மோரிஸ் பிரைட்மன் என்பவரும் இதிலே துணை நின்றார். 1948இலே சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. தேகத்தின் கட்டுப்பாட்டை இவ்வளவு வற்புறுத்திய ஓர் அரசர் ஆட்சியின் கட்டுப்பாட்டை இவ்வாறு தளர்த்திவிட்டது விந்தையே.

ஏறக்குறைய அதே காலத்திலே மைசூரிலும் ஒரு முயற்சி நடந்தது. 1933இலே நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையிலே கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். அங்கே யோகாசன வகுப்பும் சூரிய நமஸ்கார வகுப்பும் வெவ்வேறாகவே நடந்தன என்பதை மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் காட்டுகிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்தது பின்னரே. பெங்களூரிலே கே. வி. ஐயர் பாரம் தூக்கும் பயிற்சியோடு நமஸ்காரத்தையும் சேர்த்துக் கற்பித்து, 1937இலே அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இங்கே மிஷன் பாடசாலையிலே படித்த நாம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். சென்னையிலே 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் வாலிபக் கிறித்தவர் சங்கத்தின் சார்பிலே தேகாப்பியாசக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அக்கல்லூரி மேனாட்டு டிறிலோடு தண்டையும் ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் தன் பாடத்திலே இடம்பெறச் செய்தது. இந்து அரசர் ஜெர்மன் பலசாலியிடம் கற்றார். கிறித்தவ சங்கம் இந்து அரசர் பரப்பியதை ஏற்றுக்கொண்டது. எது நம்முடையது, எது அந்நியருடையது என்று கோடு கீற முயன்றால் அக்கோடு நம் பாடசாலை மைதானத்தின் நடுவே போகும். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது நம் எண்ணம். நல்லதை எங்கிருந்தும் கொள்வது தேகத்துக்கும் பொருந்தும்.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலிலே ஒரு பொருள் தவறிவிட்டது. அதுதான் பாதிச் சக்தி. நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மாஸ்டர் விசில் ஊத, எண்ணுக்கு எண் உடலை வளைக்கும்போது எவன் வாயால் மூச்சு வாங்குகிறான் என்று யார் பார்ப்பது? வரிசை நின்றாற்றான் அவனும் நிற்கலாம். ஆயுர்வேதம் ஒவ்வொருவனையும் தனியே வைத்துப் பேசியது; டிறில் எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பேசிற்று. பாலர்க்கு வேண்டாமென்று வாக்படர் விலக்கிய பயிற்சி பாலர்க்கே முதலிலே கட்டாயமாயிற்று. இதனாலே பிள்ளைகள் தேகாப்பியாசம் செய்தல் தீது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றைய வைத்தியர் பிள்ளைகள் நாள்தோறும் ஓடியாட வேண்டுமென்றே சொல்கின்றனர், அவர்கள் சொல்வதே சரி. பழமையின் பெயராலே அதிகாரஞ் செய்பவர் பழமை சொன்னதை முழுதும் சொல்லட்டும் என்பதே நம் வாதம். நாம் படித்த பாடசாலையிலே காலை டிறிலின்போது மயங்கி விழுபவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் மரநிழலிலே கிடத்துவர். "தைரியமில்லாதவன்" என்று மாஸ்டர் சொல்வார். அவன் காலையிலே என்ன உண்டான், முந்தின இரவு என்ன உண்டான் என்று கேட்டவரை நாம் கண்டதில்லை.

நம் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இவ்விஷயத்திலே நம்மிலும் தெளிவாக இருந்தனர். நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன், விடியுமுன் எழுந்து துலா மிதித்தவர்கள் அவர்கள். துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீர் ஊற்ற, புகையிலைக் கன்றுக்கும் மிளகாய்க் கன்றுக்கும் வெயில் ஏறுமுன் இறைத்து முடிப்பர். அதைத் தேகாப்பியாசம் என்று எவரும் சொல்லவில்லை. அவர்களைப் பாராட்டி மேடையும் போடவில்லை. வயது முதிர்ந்த தோட்டக்காரர் ஒருவரிடம் வயிற்றைப் பற்றிக் கேட்டோம். "வயிறு முட்டத் திண்டுபோட்டுத் துலாவிலை ஏறேலாது தம்பி, பசியோடை ஏறினாலும் தலை சுத்தும்" என்றார். எழுந்ததும் பழஞ்சோற்றுத் தண்ணீர் ஒரு செம்பு. இறைப்பு முடிந்தபின் வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு பழஞ்சோறு. சிவ சங்கிதையை அவர் படித்ததில்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று வாலிப அன்பர்கள் கேட்பார்கள். இரவு முழுதும் உண்ணாதிருந்தபின் உடலை இயக்கினால், உண்டபின் இயக்குவதைவிடக் கொழுப்பு அதிகமாகச் செலவாகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. இதைக் கேட்டே உடல் மெலிய விரும்புவோர் பலர் காலையிலே ஓடுகின்றனர். ஆனால் 2014இலே அமெரிக்காவிலே பிராட் ஷோன்பெல்ட் முதலியோர் 20 இளம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் உண்ணுமுன்னும் மறுபிரிவினர் உண்டபின்னும், வாரத்துக்கு மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரம், நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தனர். இருசாராரும் மெலிந்தனர், இருவர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. அந்தப் பயிற்சி நேரத்திலே எரியும் கொழுப்பு வேறு, நாள் முழுதும் சேர்ந்து நடக்கும் கணக்கு வேறு. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தார் 2010இலே வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கொழுப்பு மிகுந்த உணவை அளவுக்கு மிஞ்சி உண்ட இளைஞர் ஆறு வாரம் பயின்றபோது, உண்ணாமல் பயின்றவரின் உடலே சர்க்கரையை நன்றாகக் கையாண்டது. வாக்படரின் "நெய்ப்பதமான உணவு உண்போர்" இங்கே மீண்டும் நம்முன் வந்து நிற்பதைக் காண்க. இன்சுலின் முதலிய மருந்து கொள்ளும் நீரிழிவுக்காரருக்கோ வெறும் வயிற்றுப் பயிற்சி இரத்தத்துச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக் கூடும். சங்கத்துப் பெரியோரிலே அத்தகையோர் வைத்தியரைக் கேளாமல் இளைஞரோடு போட்டி போடலாகாது.

பி. கே. எஸ். ஐயங்கார் 1966இலே எழுதிய புகழ்பெற்ற யோக நூலிலே, ஆசனங்களுக்கு வெறும் வயிறே சிறந்தது என்று சொல்லிவிட்டு, அது கடினமாயிருப்பவர் ஒரு கோப்பை தேநீரோ கோப்பியோ பாலோ அருந்தலாம் என்று இடங்கொடுத்தார். கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர், இளமையிலே நோயினாலும் வறுமையினாலும் நலிந்தவர் அவர். அந்த ஒரு கோப்பைக்கு அவர் இடம் வைத்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டு முதல் யூன் 21ஆந் திகதி உலக யோக தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று காலை ஆயிரக்கணக்கானோர் ஒரே மைதானத்திலே ஒரே எண்ணுக்கு வளைந்து நிமிர்வதைப் படங்களிலே காண்கிறோம். காட்சிக்கு அழகுதான். நம் சங்கத்தின் காலை வகுப்பு அத்துணைப் பெரிதன்று. ஐந்தரை மணிக்கு வருகிறவர்கள் முப்பதுக்குட்பட்டவர்கள். ஒவ்வொருவரும் தத்தம் மூச்சைப் பார்த்து நிறுத்திக்கொள்ள இத்தொகை தோதானது. எண்ணிக்கை சொல்வதை விட்டுவிடலாமென்று வகுப்பை நடத்துபவரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் பாதி மனத்தோடு சம்மதித்திருக்கிறார். வருகிற பிள்ளைகளிலே சிலர் நேரே பாடசாலைக்குப் போகிறவர்கள். வீட்டிலே காலைச் சாப்பாடு எல்லோருக்கும் நிச்சயமன்று. விளையாட்டுச் சாமான்களுக்கென இவ்வாண்டு ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து, தொடங்குமுன் ஆளுக்கொரு கோப்பை பாலும், முடிந்தபின் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் கொடுக்கலாமா என்று செயற்குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். தைப்பொங்கலுக்குப் பின் கூடும் கூட்டத்திலே அது விவாதத்துக்கு வருகிறது.